உலர்ந்த சுருட்டு

உலர்தல் என்பது எல்லாப் பொருளுக்கும் இழிவன்று. ஒடியல் உலர்ந்தாலன்றிக் கூழுக்கு உதவாது. மோர்மிளகாய் உலர உலரச் சிறக்கும். வடகத்தையும் புழுக்கொடியலையும் முற்றத்து வெயிலிற் பரப்பிவிட்டுக் காகத்துக்குக் காவலிருந்த நாட்கள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் நினைவிருக்கும். ஆனால், உலரவும் வேண்டும், அடியோடு உலர்ந்துவிடவுங் கூடாது என்று நம்மை இரண்டுக்கும் நடுவே நிறுத்தும் பொருள்களும் சில உள. அவற்றுள் ஒன்று சுருட்டு. பச்சை இலையைச் சுருட்டிப் புகைப்பார் எவருமிலர். சருகாய் நொறுங்குஞ் சுருட்டை விரும்புவாரும் எவருமிலர். இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவு ஈரம் அதனுள்ளே தங்கியிருத்தல் வேண்டும். போன ஈரத்தை மீளக் கொடுத்தல் கூடுமா, கூடுமாயின் எவ்வாறு என்பதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

சுருட்டைப் பற்றி எழுதுகிறவன் சுருட்டுப் புகைப்பவன் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. நான் புகைப்பதில்லை. பிறரைப் புகைக்கத் தூண்டும் எண்ணமும் எனக்கில்லை. சுருட்டின் புகை வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் புற்றுநோயை விளைக்க வல்லது. உள்ளே இழுக்காது வாயோடு விட்டுவிடுகிறோம் என்பார் கூற்றும் அவர்களைக் காப்பதில்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருளை விற்றலாகாது என்று விதித்திருக்கிறது. என் வகுப்பு மாணாக்கர் எவரேனும் இப்பக்கத்தை வாசிக்க நேர்ந்தால், இவ்வரிகளை இருமுறை வாசித்துவிட்டு மேலே செல்வாராக.

புகையிலை நமது நாட்டுப் பயிரன்று. 1492 ஆம் ஆண்டிலே கொலம்பசின் கூட்டத்தார் கியூபாத் தீவிற் கரையிறங்கியபோது, அங்குள்ள மக்கள் இலையைச் சுருட்டிக் கொளுத்திப் புகை குடிப்பதைக் கண்டு வியந்தனர். பின்னர் ஐரோப்பியர் வழியாக அப்பயிர் நம் கரைக்கு வந்தது. பயிர் அவர்கள் தந்ததாயினும், அதற்கு ஒரு பெயரை நாம் கொடுத்தோம். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்குஞ் சொல் நமது ‘சுருட்டு’ என்னுஞ் சொல்லின் மருவே. குடாநாட்டுச் செம்மண்ணிலே கிணற்று நீர் பாய்ச்சி வளர்த்த புகையிலை, 19 ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. இங்குள்ள கொட்டில்களிற் சுற்றிய சுருட்டோ தென்னிலங்கைக்குச் சென்றது. அங்கே யாழ்ப்பாணத்தவர் வைத்திருந்த கடைக்கு, அரிசி பருப்பு முதலாக அனைத்தும் விற்றாலும், ‘சுருட்டுக் கடை’ என்பதே பெயராய் நின்றது. அக்காலத்துக் குடும்பங்கள் பலவற்றின் கல்விச் செலவுக்கும் கல்வீட்டுக்கும் பின்னாலே சிறிது புகையிலை மணம் இருக்கும்.

எங்கள் குடும்பமும் அத்தகையதே. அம்மாவின் தந்தையாராகிய எங்கள் பேரனார் தென்னிலங்கைக் கடையொன்றில் இருந்து உழைத்தவர். ஊர் திரும்பியபின் தோட்டஞ் செய்தவர். நாளொன்றுக்கு மூன்று சுருட்டு. அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை. இருமலும் அவரோடு கூடவே முதுமையடைந்தது. 2017 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அவர் காலமானார். அவர் வாங்கி வைத்திருந்த கடைசிக் கட்டிலே இருபது சுருட்டுகள் எஞ்சியிருந்தன. அம்மா அவற்றைத் தகரப் பேணியொன்றிலிட்டு, பூஞ்சணமும் புழுவும் அணுகாதிருக்கும் பொருட்டு அடுக்களைப் பரணில், அடுப்புக்கு நேர் மேலே வைத்தார். ஆட்டைத் திவசத்துப் படையலிலே ஐயா தம் கையால் வாங்கிய சுருட்டையே வைக்க வேண்டும், கடையிற் புதிது வாங்கி வைக்கலாகாது என்பது அவருடைய தீர்மானம்.

பூஞ்சணமும் வரவில்லை, புழுவும் வரவில்லை. ஓராண்டுக்காலம் அடுப்பின் வெம்மை கீழேயிருந்து ஏற, மூடி இறுகாத பேணிக்குள்ளிருந்த ஈரமெல்லாம் வெளியேறிற்று. திவசத்துக்கு இருபத்தைந்து நாட்கள் இருக்கையிலே பேணியை இறக்கித் திறந்தபோது, சுருட்டுகள் பழைய ஓலைச்சுவடி போல் இருந்தன. ஒன்றை எடுத்து விரலால் மெல்ல அழுத்தியவுடன் மேலிலை நொறுங்கிற்று. அம்மா ஒன்றும் பேசவில்லை. பேணியை மூடி மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலே வெகுநேரம் இருந்தார்.

அச்சமயத்திலேதான் மாமா வந்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கடுத்த ஆண்டிலே தந்தையாருக்குச் சொல்லாமலே புறப்பட்டுக் கனடா சென்று சேர்ந்தவர் மாமா. காசு தவறாமல் வரும்; கடிதம் எப்போதாவது வரும். பேரனார் தொலைபேசியை வாங்கி இரண்டு சொற் பேசிவிட்டு அம்மாவிடங் கொடுத்துவிடுவார். செத்த வீட்டுக்கும் மாமாவால் வர இயலவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆட்டைத் திவசத்துக்கென ஒரு மாத விடுமுறையில் வந்தவர், வந்த முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிட விரும்பினார். கூரை ஓடு மாற்றினார், கிணறு இறைப்பித்தார், உறவினர் வீடுகளுக்கெல்லாம் ஒரே நாளிற் சென்று வந்தார். அம்மா அவருக்கு வேளை தவறாமற் சமைத்துப் போட்டார். கேட்டதற்கு விடை சொன்னார். அவ்வளவே.

பேணியைக் கண்டதும் மாமா, “இதுக்கேன் கவலைப்படுறியள் அக்கா? ஒரு சொட்டுத் தண்ணி விட்டாச் சரி” என்று சொல்லி, இரண்டு சுருட்டுகளை எடுத்து ஈரத்துணியிற் சுற்றி வைத்தார். மறுநாட் காலையில் அவை இரண்டும் நீளத்துக்குப் பிளந்து கிடந்தன.

இஃது ஏன் நிகழ்ந்தது என்பதைச் சிறிது ஆராய்தல் நன்று. சுருட்டென்பது ஒரே பொருளன்று. பல இலைகளின் கூட்டு. உள்ளே அடைத்த இலை, அதனைப் பிணிக்கும் இலை, யாவற்றுக்கும் மேலாக மெல்லிய மேலிலை என அது அமைந்துள்ளது. புகையிலைக்கு ஈரத்தை உறிஞ்சவும் உமிழவும் வல்ல இயல்பு உண்டு. நீர் பட்டவுடன் இலை விரியும். உள்ளிலையும் மேலிலையும் ஒரே தன்மையாய், ஒரே வேகத்தில் விரிவதில்லை. சுருண்டு நெருங்கிய உள்ளிலை பருக்கும்போது, உலர்ந்து நெகிழ்ச்சி இழந்த மெல்லிய மேலிலை அதற்கு இடங்கொடுக்க மாட்டாது பிளக்கிறது. அன்றியும், நீர் பட்ட இடம் ஊற, படாத இடம் உலர்ந்தபடி நிற்க, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கிழிக்கின்றன. எனவே குறை நீரிலில்லை, வேகத்திலேயே இருக்கிறது.

அயலிலே ஒரு முதியவர் இருந்தார். இளமையிற் கொக்குவிற் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில்களில் இருபது ஆண்டுகள் சுருட்டுச் சுற்றியவர். கோடா என வழங்குஞ் சாற்றை இலைக்கு எவ்வளவு காட்டவேண்டும் என்பதை மணத்தைக் கொண்டே சொல்ல வல்லவர். அம்மா அவரிடம் பேணியைக் கொண்டு சென்றார். அவர் பிளந்த சுருட்டுகளைப் பார்த்து நகைத்தாரில்லை. “பிள்ளை, சுருட்டுக்குத் தண்ணி குடுக்கிறேல்லை. காத்துத்தான் குடுக்கிறது. தனக்கு வேண்டியதை அது காத்திலையிருந்து எடுக்கும்” என்றார்.

மாமா, “எத்தினை நாள் செல்லும் ஐயா?” என்று கேட்டார்.

“ஒரு வருசமாக் காய்ஞ்சதை ஒரு நாளிலை நனைக்கலாமோ தம்பி? மூண்டு கிழமை விடுங்கோ.”

அவர் சொல்லிய முறையை, செய்து பார்க்க விரும்புவார் பொருட்டு இங்கு தருகின்றேன். முதலாவது வாரத்தில் நீரென்பதே கிடையாது. சுருட்டுகளைக் கட்டவிழ்த்து, ஒன்றோடொன்று நெருங்காமல் வாழைச்சருகின் மேற் பரப்பி, திறந்த பெட்டியொன்றிலிட்டு, அடுப்பும் வெயிலும் நேர்க் காற்றும் படாத உள்ளறையில் வைத்தல் வேண்டும். இரண்டாவது வாரத்தில் அப்பெட்டியைத் தண்ணீர்ப் பானையின் அருகே நகர்த்த வேண்டும். மட்பானையின் மேனியிற் கசியும் நீர் ஆவியாகி அயலிலுள்ள காற்றைச் சிறிது ஈரமாக்கும். மூன்றாவது வாரத்தில், துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு சிரட்டையிலிட்டு, அதனைப் பெட்டியின் மூலையில், சுருட்டைத் தொடாதபடி வைத்து மூடியை முக்காலும் மூட வேண்டும். நாள்தோறும் ஒருமுறை ஒவ்வொரு சுருட்டையும் கால் வட்டம் உருட்டி வைத்தல் அவசியம். இன்றேல் ஒரு பக்கமே ஈரத்தை வாங்கும். பதம் பார்ப்பதற்கு விரல்களே கருவி. மெல்ல அழுத்துக, சலசலவென்று ஒலித்தால் இன்னும் ஆகவில்லை. அழுத்திய இடம் சற்றே அமிழ்ந்து மீண்டும் எழுமானால் ஆயிற்று. அமிழ்ந்தது எழாமற் கிடந்தால் ஈரம் மிகுந்துவிட்டது. சிரட்டையை உடனே அப்புறப்படுத்துக.

இம்முதியவர் கைப்பழக்கத்தாற் கூறியதைப் பௌதிக நூல்கள் அளவுகளாற் கூறுகின்றன. குறித்த வெப்பநிலையிற் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் இப்போது எத்தனை வீதத்தைக் கொண்டிருக்கிறது என்பதே சாரீரப்பதன் எனப்படும். சுருட்டைப் பேணுவோர் ஏறக்குறைய 65 முதல் 70 வீதம் வரையான சாரீரப்பதனை உகந்ததாகக் கொள்வர். காற்றின் ஈரம் இவ்வளவாயிருப்பின் சுருட்டு கொடுப்பதும் வாங்குவதும் சமனாகி அமைதி பெறும். கடல் சூழ்ந்த எங்கள் குடாநாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆதலாலேதான் முதல் வாரத்தில் முதியவர் நீரை அழைக்கவேயில்லை. அறையின் காற்றே போதியதாயிற்று. 75 வீதத்துக்கு மேற் சென்றால் பூஞ்சணம் பிடிக்கும் அபாயம் தொடங்குகிறது. வெப்பமும் ஈரமுங் கூடிய இடத்தில் மற்றொரு பகையும் உண்டு. சுருட்டு வண்டு என்னும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமான கபில நிறப் பூச்சி, இலைக்குள்ளே முட்டையாய் உறங்கியிருந்து, பொரித்து, ஊசி துளைத்தாற்போன்ற துளையிட்டு வெளிவரும். அம்மா பேணியைப் பரணில் வைத்தது இவ்விரு பகைக்கும் அஞ்சியே. அவ்வச்சத்தில் நியாயம் இருந்தது. காப்பதற்குத் தெரிந்த இடமே உலர்த்தும் இடமும் ஆயிற்று என்பதுதான் துயரம்.

மேனாட்டார் இதே வேலைக்கு ‘ஹியூமிடோர்’ என்னும் பேழையை ஆக்கியுள்ளனர். அதன் உட்புறத்தில் ஸ்பானிய செடார் எனப்படும் மரத்தை இழைப்பர். பெயரிற் செடார் இருந்தாலும், அது தேவதாரு இனமன்று. நமது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மரம். ஈரத்தைத் தாங்குவதும், நறுமணங் கமழ்வதும் அதன் குணங்கள். மூடியின் உட்புறத்தில் நீரூறிய பஞ்சு போன்ற ஒரு பொருளும், ஈரத்தைக் காட்டும் ஈரமானியும் இருக்கும். பஞ்சுக்கு வடித்த நீரையே ஊற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் கிணற்று நீரை ஊற்றினால், கேத்தலின் அடியிற் படிவது போலச் சுண்ணாம்புப் படிவு அப்பஞ்சை அடைத்துவிடும். ஈரமானி மெய்யுரைக்கின்றதா என்று சோதிக்கும் முறையொன்று ஆசிரியனாகிய எனக்கு மிகப் பிடித்தது. ஒரு மூடியிற் கறியுப்பை இட்டுச் சேறு போலாகும்வரை சிறிது நீர் சேர்த்து, ஈரமானியோடு ஒரு பாத்திரத்தில் வைத்துக் காற்றுப் புகாது அடைத்துவிட்டால், சில மணி நேரத்தின்பின் உள்ளிருக்குங் காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தில் வந்து நிற்கும். கருவி வேறொன்றைக் காட்டுமாயின் பிழை கருவியினதே. நம் அடுக்களை உப்புக்கு இத்தனை நேர்மை உண்டென்பதை மாணாக்கருக்கு இச்சோதனையாற் காட்டலாம்.

எங்கள் வீட்டிலோ ஹியூமிடோரும் இல்லை, ஈரமானியும் இல்லை. பனையோலைப் பெட்டியும் தண்ணீர்ப் பானையும் இருந்தன. சுருட்டை உருட்டி வைக்கும் பணியை மாமா ஏற்றுக்கொண்டார். மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிய பின் அவரும் அம்மாவும் பெட்டியின் இருமருங்கும் அமர்வார்கள். பதினெட்டுச் சுருட்டுகளை உருட்டிவைக்க ஐந்து நிமிடம் போதும். ஆயினும் ஒருவரும் உடனே எழுந்து செல்வதில்லை. முதல் வாரத்தில் ஊர்ச் செய்தி பேசினர். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அம்மா, அவர் புறப்பட்டுப்போன இரவு ஐயா படலையைப் பூட்டவிடாமல் விடியும்வரை திண்ணையிற் கிடந்ததைச் சொன்னார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த சுருட்டை வைக்கவும் மறந்திருந்தார். மூன்றாவது வாரத்தில், தாம் கனடாவிற் கழித்த முதலாவது குளிர்காலத்தைப் பற்றியும், ஐயா கோபமாய்ப் பேசினாலுங் கேட்டிருக்கலாமே என்று ஏங்கியதைப் பற்றியும் அவர் சொன்னார். வந்த முதல் நாளிலேயே இவற்றைப் பேச முயன்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் அறியேன். பேசாமலிருந்ததே நல்லதாயிற்று என்று மட்டும் அன்று எனக்குத் தோன்றிற்று.

இருபத்தோராம் நாள் முதியவரை அழைத்துவந்து காட்டினோம். பதினெட்டில் மூன்று, அடுப்பு வெக்கையில் முன்னரே வெடித்திருந்தமையால் உதவவில்லை. எஞ்சிய பதினைந்தும் மேலிலை மினுங்காவிடினும் நெகிழ்ச்சி பெற்றிருந்தன. அவர் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார்; மூக்கருகே கொண்டு சென்றார். “உடம்பு வந்திட்டுது. வாசம் அரைவாசிதான் வரும்” என்றார்.

அவர் சொல்லியது உண்மை. சுருட்டின் மணத்துக்குக் காரணமானவை நீரன்று; இலையிலுள்ள நறுநெய்கள். அவை எளிதில் ஆவியாகும் இயல்பின. நீர் போனால் நீரைக் கொடுக்கலாம். நெய் போனாற் கொடுப்பதற்கு எவரிடத்தும் ஒன்றுமில்லை. எனவே உலர்ந்த சுருட்டை மீட்கும் எம்முறையும் ஓரளவுக்கே செல்லும். சில மாதம் உலர்ந்தது பெரும்பாலும் தேறும். பல ஆண்டு உலர்ந்தது வடிவத்தை மட்டும் பெறும். இதனை முன்னரே அறிந்து கொண்டு தொடங்குவோருக்கு ஏமாற்றமில்லை.

திவசத்தன்று தலைவாழை இலையிலே சோறு, மரக்கறிகள், பேரனாருக்கு விருப்பமான பாற்புக்கை, வெற்றிலை பாக்கு ஆகியவற்றுடன் மூன்று சுருட்டுகள் வைக்கப்பட்டன. நாளொன்றுக்கு மூன்று என்ற கணக்கை அம்மா மாற்றவில்லை. கர்ப்பூரங் காட்டி முடிந்தபின் மாமா நெடுநேரம் கும்பிட்டபடி நின்றார். அவருடைய தோளிலே அம்மா கைவைத்துச் “சாப்பிட வா தம்பி” என்றார். அவர் வந்து இருபத்திரண்டு நாட்களின்பின் அம்மா அவரைத் ‘தம்பி’ என்று அழைத்ததை அன்றுதான் நான் கேட்டேன்.

என் தொழிலிலே விடுமுறை கழிந்து வரும் மாணாக்கரையும், நோயினாலும் வீட்டுத் துயரினாலும் பல மாதம் பாடத்தை விட்டிருந்து மீளுவோரையும் ஆண்டுதோறும் காண்கிறேன். விட்ட பாடம் முழுவதையும் ஒரு வாரத்தில் ஊற்றிவிட வேண்டுமென்று பெற்றோரும் ஆசிரியரும் துடிப்பதுண்டு. அவ்வேளைகளில் அந்த முதியவரின் கணக்கை எண்ணிக்கொள்வேன். அவரும் 2021 ஆம் ஆண்டிலே காலமாகிவிட்டார்.

மாமா திரும்பிச் செல்லுகையில் அம்மா நான்கு சுருட்டுகளை வாழைச்சருகிற் சுற்றிக் கொடுத்தார். அவரும் புகைப்பதில்லை, புகைப்பதற்காகக் கொடுத்ததுமன்று. கனடாவிற் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது அறையின் காற்று மிகவும் உலர்ந்துவிடுகிறதாம். ஆதலால் அவர் அச்சுருட்டுகளை இறுகிய மூடியுள்ள போத்தலொன்றிலிட்டு, பக்கத்தில் ஊரிலிருந்து கொண்டுபோன சிரட்டைத் துண்டின் மேற் சிறிது ஈரத்துணி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் அம்மா அவரிடம் முதலிற் கேட்பது, துணியை நனைத்துப் பிழிந்து வைத்தாயிற்றா என்பதையே. அதன் பின்னர் அவர்கள் வேறு செய்திகள் பேசுவார்கள். முன்னெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்த பேச்சு, இப்போது அம்மாவின் அடுப்பிற் சோறு வெந்து இறங்கும்வரை நீளுகின்றது.